கொடுவா: கடல் மீனா, ஆற்று மீனா?

நீங்கள் கேட்டிருப்பவை மூன்று. கொடுவா கடல் மீனா, ஆற்று மீனா என்பது முதலாவது. சிறிய கொடுவாவை அறுத்தால் ஒன்றில்கூடச் சினை இல்லை, பெரியதை அறுத்தால் அனேகமாக எல்லாவற்றிலும் சினை இருக்கிறது, இது எப்படி என்பது இரண்டாவது. நன்னீர் ஏரியில் விட்ட குஞ்சுகள் நன்றாக வளர்ந்து பெருத்த பிறகும் அங்கே ஏன் ஒரு புதிய குஞ்சுகூடக் கண்ணில் படவில்லை என்பது மூன்றாவது. நீங்கள் எண் போட்டுத் தனித்தனியாகக் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒரே முடிச்சின் மூன்று நுனிகளாகத் தெரிகின்றன. கொடுவா ஆற்றிலும் வாழ்கிறது, கடலிலும் வாழ்கிறது. அதன் குலம் தழைப்பதோ இரண்டுக்கும் நடுவே இருக்கும் முகத்துவாரம் திறந்து கிடக்கும் இடத்தில்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு தொடங்குகிறேன். பதில் சற்று நீளும்.

முதலில் எந்த மீனைப் பற்றிப் பேசுகிறோம் என்பதில் குழப்பம் வேண்டாம். அறிவியல் பெயர் லேட்டஸ் கால்காரிஃபர். 1790இல் பெர்லின் நகரத்து மருத்துவரும் மீன் ஆய்வாளருமான மார்கஸ் ப்ளோக் இந்த மீனை விவரித்துப் பெயர் வைத்தார். கால்காரிஃபர் என்ற இலத்தீன் சொல்லுக்குக் குதிமுள் தாங்கியது என்று பொருள். செவுள் மூடியின் ஓரத்தில் இருக்கும் வலுவான முள்ளைக் கையில் ஒருமுறை வாங்கியவர்களுக்குப் பெயர்க்காரணம் சொல்ல வேண்டியதில்லை. நீண்ட உடல், கண்ணுக்கு மேலே உள்வாங்கியது போல வளைந்த நெற்றி, கண்ணைத் தாண்டிப் பின்னால் போகும் பெரிய வாய், விசிறியைப் போல வட்டமான வால். முதுகுத் துடுப்பின் முன்பகுதியில் 7 முதல் 9 முட்கள் இருக்கும். இத்தனை பெரிய வேட்டைக்கார மீனுக்குக் கோரைப்பற்கள் கிடையாது. தாடை முழுவதும் அரம் போன்ற நுண்பற்கள் மட்டுமே. வளர்ந்த மீன் வெள்ளி நிறம். சின்னக் குஞ்சு பழுப்பும் வெண்மையும் கலந்த திட்டுகளோடு, மூக்கிலிருந்து முதுகு வரை ஒரு வெள்ளைக் கோட்டோடு இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று நம்புவது கடினம்.

வங்காளத்தில் இதைப் பேட்கி என்கிறார்கள், மலையாளத்தில் காளாஞ்சி, தெலுங்கில் பண்டுகப்ப. ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி. அந்தப் பெயர் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் ராக்ஹாம்ப்டன் பகுதிப் பழங்குடி மக்களின் மொழியிலிருந்து வந்தது. பெரிய செதில்களை உடைய ஆற்று மீன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். உலக வணிகத்தில் இதற்கு வழங்கும் ஏஷியன் சீபாஸ் என்ற பெயரோ இதைக் கடலுக்கு உரியதாக்கிவிடுகிறது. ஆக உங்கள் முதல் கேள்வி நீங்கள் மட்டும் கேட்பது இல்லை. இந்த மீனுக்குப் பெயர் வைத்தவர்களே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றிருக்கிறார்கள்.

உறவுக்காரர்களைப் பார்த்தால் ஆற்றுக் கட்சி வலுக்கிறது. இதே லேட்டஸ் பேரினத்தைச் சேர்ந்த நைல் பெர்ச், ஆப்பிரிக்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் நன்னீர் மீன். டாங்கனிக்கா ஏரியில் மட்டும் நான்கு லேட்டஸ் இனங்கள் இருக்கின்றன. கடலோரத்தைக் கையில் எடுத்துக்கொண்டது நம் கொடுவாவின் கிளைதான். பாரசீக வளைகுடாவின் பக்கம் தொடங்கி, இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா, தென்சீனக் கடற்கரை, பப்புவா நியூ கினி, வட ஆஸ்திரேலியா வரை இது பரவியிருக்கிறது. இவ்வளவு பரப்பிலும் இருப்பது ஒரே இனம்தானா என்ற சந்தேகமும் நியாயமானதே. ஜப்பானில் இருப்பது வேறு இனம் என்று 1984இல் பிரித்தார்கள். 2012இல் இலங்கையின் மேற்குப் பகுதியிலிருந்து லேட்டஸ் லக்தீவா என்றும் மியான்மரிலிருந்து லேட்டஸ் உவிசாரா என்றும் இரண்டு புதிய இனங்களை விவரித்தார்கள். 2016இல் கொடுவாவின் முழு மரபணுத் தொகுதி வெளிவந்தபோது இந்தியப் பகுதி, தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா மற்றும் நியூ கினி என்று மூன்று தனிக் கூட்டங்கள் தெளிவாகத் தெரிந்தன. எனவே ஒரு நாட்டில் அளந்த எண்ணை இன்னொரு நாட்டு மீனுக்கு அப்படியே பொருத்திவிடக் கூடாது. கீழே நான் தரும் எண்களில் பல ஆஸ்திரேலியாவிலும் நியூ கினியிலும் அளந்தவை. வாழ்க்கையின் ஒழுங்கு எங்கும் ஒன்றுதான். மாதங்களும் அளவுகளும் இடத்துக்கு இடம் மாறும்.

இனி உப்பு. மற்ற மீன்களுக்கு எமனாக வருவது கொடுவாவுக்கு ஏன் பொருட்டே இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. கடல்நீர் மீனின் உடல் நீரைவிட உப்பு மிகுந்தது. அதனால் கடலில் இருக்கும் மீனின் உடலிலிருந்து நீர் ஓயாமல் வெளியே கசியும். அதை ஈடுகட்ட மீன் கடல்நீரைக் குடிக்கிறது. குடித்ததில் வந்த அதிகப்படி உப்பைச் செவுளில் இருக்கும் தனிவகை உயிரணுக்கள் வெளியே தள்ளுகின்றன. நன்னீரில் எல்லாம் தலைகீழ். நீர் உடலுக்குள் புகுந்துகொண்டே இருக்கும், உப்பு வெளியேறிக்கொண்டே இருக்கும். இப்போது மீன் குடிப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும். சிறுநீரகம் நீர்த்த சிறுநீரை நிறைய வெளியேற்ற வேண்டும். செவுள் ஆற்றுநீரில் இருக்கும் சொற்ப உப்பைப் பொறுக்கி உள்ளே இழுக்க வேண்டும். பெரும்பாலான மீன்களுக்கு இந்த இரண்டு வேலைகளில் ஒன்றுதான் தெரியும். கொடுவா இரண்டையும் செய்கிறது. உப்பு படிப்படியாக மாறினால் சில நாட்களில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தன் உடலை மாற்றிக்கொள்கிறது. அதை உண்மையில் கட்டிப்போடுவது குளிர்தான். நீரின் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கினால் இரை எடுப்பது குறைந்துவிடும், இன்னும் இறங்கினால் சாகும். வெப்பமண்டலக் கரைகளை விட்டு இது வெளியே பரவாததற்குக் காரணம் அந்தக் குளிர்.

அப்படியானால் உப்பு இதற்கு ஒரு பொருட்டே இல்லையா? இருக்கிறது. முட்டையிடும்போது மட்டும் இருக்கிறது.

முட்டையிடுவது முகத்துவாரத்திலும் அதை ஒட்டிய கடலோரத்திலும். அங்கே உப்பு ஆயிரத்துக்கு 28 முதல் 36 பங்கு வரை இருக்கும், அதாவது கிட்டத்தட்ட முழுக் கடல்நீர். மழைக்காலத்தை ஒட்டிய மாதங்கள், அமாவாசை அல்லது பௌர்ணமியைச் சுற்றிய நாட்கள், அந்தி சாய்ந்த பிறகான நேரம், கடல் ஏறிவரும் ஓதம். இவை எல்லாம் கூடிவரும்போது ஆணும் பெண்ணும் கூட்டமாகக் கூடி முட்டையையும் விந்தையும் நீரில் கொட்டுகின்றன. இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. விந்தணுக்கள் உப்புநீர் பட்டால்தான் நீந்தத் தொடங்கும். முட்டை முக்கால் மில்லிமீட்டர் அளவே இருக்கும். அதனுள் ஒரு துளி எண்ணெய் உண்டு. உப்புநீரில் அது மிதக்கும், நன்னீரில் அடியில் போய் அமர்ந்துவிடும். அமாவாசை, பௌர்ணமி நாட்களில் ஓதம் பெரிதாக ஏறும். மிதக்கும் முட்டைகளை அது கடலுக்கு இழுத்துக்கொண்டு போகாமல் கழிக்குள், அலையாத்திக் காடுகளின் பக்கம் தள்ளிவிடும். இருட்டிய நேரம் என்பதால் முட்டை தின்னும் கண்களும் குறைவு. தாய் மீன் முட்டைகளைக் காப்பதில்லை, கூடு கட்டுவதில்லை. பிள்ளைகளுக்கு அது செய்யும் ஒரே உதவி, சரியான நேரத்தில் சரியான இடத்தில் விட்டுப் போவதுதான்.

எண்ணிக்கையைச் சொன்னால் மலைப்பாக இருக்கும். 124 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெண் மீனின் சினையில் ஏறக்குறைய 4.6 கோடி முட்டைகள் இருந்ததாக ஆஸ்திரேலியாவில் கணக்கிட்டு 1984இல் வெளியிட்டார்கள். இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள். உங்கள் இரண்டாவது கேள்விக்கு வரும்போது இது மறுபடி தேவைப்படும்.

28 டிகிரி வாக்கில் இருக்கும் நீரில் முட்டை ஒரு நாள்கூட எடுப்பதில்லை. 12 முதல் 17 மணி நேரத்தில் பொரித்துவிடும். வெளியே வருவது ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கண்ணாடி இழை. இரண்டு, மூன்று நாட்களில் வாய் திறந்து நுண்ணுயிர்களைத் தின்னத் தொடங்கும். சுமார் மூன்று வாரத்தில் அது மீன் உருவம் எடுக்கும்.

கொடுவாவின் கதையில் என் மனதுக்கு மிக நெருக்கமான பகுதி இதற்கு அடுத்து வருகிறது. பலர் கவனிக்காமல் விடுவதும் இதைத்தான். பெரிய ஓதம் ஏறும்போது கடலோரத்தின் தாழ்ந்த நிலங்களில் நீர் தேங்கும். மழைநீரும் அதோடு சேரும். உவர்மண், கோரை, அலையாத்திச் செடிகளின் ஓரம் எனச் சில மாதங்களுக்கு மட்டும் உயிர்பெறும் ஆழமற்ற நீர்நிலைகள் அவை. நிலத்தை அளப்பவரின் கண்ணுக்குத் தரிசு, பயனற்ற சதுப்பு. கொடுவாக் குஞ்சுக்கு அதுதான் தொட்டில். நீர் கொதிக்கும் அளவுக்குச் சூடேறும், உப்பு ஒரு மழையில் இறங்கி ஒரு வெயிலில் ஏறும், உயிர்வாயு குறையும். பெரிய மீன்கள் உள்ளே வர முடியாது. பூச்சிகளும் கொசுப்புழுக்களும் சிறு இறால்களும் மண்டிக் கிடக்கும். எதிரி குறைவு, சோறு மிகுதி. அந்த நெருக்கடியைத் தாங்குகிற குஞ்சுக்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை. அங்கே சில மாதங்கள் இருந்து விரல் நீளத்தைத் தாண்டி வளர்ந்துவிடும். மழை ஓய்ந்து நீர் வற்றத் தொடங்கும்போது ஓடைகள் வழியாகக் கழிக்குள் இறங்கும். ஓடை அடைபட்டிருந்தால் வற்றும் குட்டையிலேயே மடிந்துபோகும்.

கழியிலிருந்து ஆற்றை எதிர்த்து ஏறுகின்றன. அணையோ தடுப்போ இல்லாத ஆறுகளில் கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே போய்விடும். நியூ கினியின் ஃப்ளை ஆற்றில் குறியிட்டு விட்ட மீன்களைத் தொடர்ந்து ஆராய்ந்தபோது, உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் கடலோர முட்டையிடும் இடத்துக்கும் நடுவே அவை பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்வது தெரிந்தது. அந்த ஆய்வு 1982இல் வெளியானது. ஆற்றிலும் வெள்ளச் சமவெளியின் குளங்களிலும் மூன்று நான்கு ஆண்டுகள் தின்று வளர்கின்றன.

வேட்டையாடும் முறையைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் நகர முடியவில்லை. கொடுவா துரத்திப் பிடிக்கும் மீன் இல்லை. விழுந்து கிடக்கும் மரம், பாறையின் நிழல், அலையாத்தி வேர்களின் இடுக்கு, ஓடை ஆற்றோடு சேரும் மூலை, இப்படி ஓர் இடத்தில் அசையாமல் நிற்கும். இரை நெருங்கியதும் வாயைத் திடீரென்று விரிக்கும். வாய்க்குள் உண்டாகும் வெற்றிடம் நீரோடு சேர்த்து இரையையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். மேற்பரப்பில் இது நடந்தால் ‘டப்’ என்று ஓசை கேட்கும். கோரைப்பல் எதற்கு இல்லை என்பது இப்போது புரிந்திருக்கும். கடித்துக் கிழிக்கும் வேலை இதற்குக் கிடையாது, முழுதாக விழுங்குவதுதான். கலங்கிய நீரிலும் இருட்டிலும் வேட்டையாட இரண்டு உதவிகள் உண்டு. ஒன்று கண்ணுக்குள் பின்புறத்தில் இருக்கும் ஒளி திருப்பும் படலம். இரவில் விளக்கடித்தால் கண் இளஞ்சிவப்பாகவும் பொன்னாகவும் மின்னுவது அதனால்தான். மற்றது நீரின் அதிர்வை உணரும் பக்கக்கோடு. பெரும்பாலான மீன்களில் வாலின் அடியோடு நின்றுவிடும் இந்தக் கோடு, கொடுவாவில் வால் துடுப்பின் நுனி வரை ஓடுகிறது. தின்பதற்கு இறால், நண்டு, மடவை, கெளுத்தி, சொந்தப் பிள்ளை என்ற வேறுபாடு எதுவும் கிடையாது. குஞ்சுப் பருவத்தில் தன் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும் கூடப்பிறந்ததைக்கூட விழுங்கிவிடும். வளர்ப்பவர்கள் குஞ்சுகளைச் சில நாட்களுக்கு ஒருமுறை அளவு வாரியாகப் பிரித்துக்கொண்டே இருப்பது இதற்காகத்தான். பிரிக்காமல் விட்டால் ஆயிரம் குஞ்சுகள் இருந்த தொட்டியில் மிஞ்சுவது கொழுத்த சில மீன்களே.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. சிறியவற்றில் சினை இல்லாததற்குக் காரணம் அவை முதிராதவை என்பது பாதிதான். முதிர்ந்த பிறகும் அவை ஆண்கள். கொடுவா ஏறக்குறைய எல்லாமே முதலில் ஆணாகத்தான் பருவம் எய்துகிறது. பிறகு அதே மீன் பெண்ணாகிறது. 1979இல் நியூ கினி மீன்களைக் கொண்டு இது இயற்கையில் நடப்பது என்று ஆய்வு உறுதிசெய்தது. மூன்று, நான்கு வயதில் சுமார் 60 சென்டிமீட்டர் நீளத்தில் ஆணாக முதிர்ந்து, ஆற்றிலிருந்து முகத்துவாரத்துக்கு இறங்கி, சில பருவங்கள் ஆணாக முட்டையிடும் கூட்டத்தில் பங்கெடுக்கும். ஆறு முதல் எட்டு வயது வாக்கில், 85 முதல் 100 சென்டிமீட்டர் நீளத்தில், ஒரு முட்டையிடும் பருவம் முடிந்த கையோடு விந்தகம் கரைந்து சினைப்பை உருவாகிறது. அடுத்த பருவத்துக்கு அது தாய். பெண் மீண்டும் ஆணாவது இல்லை. நேராகப் பெண்ணாகவே முதிர்கிறவையும் கடைசி வரை ஆணாகவே நின்றுவிடுகிறவையும் அங்கங்கே உண்டு. ஆஸ்திரேலியாவின் கார்பென்டாரியா வளைகுடாவின் வடபகுதியில் குட்டையான ஒரு கூட்டம் இருக்கிறது. அவை சின்ன உருவத்திலேயே முதிர்ந்து சீக்கிரமே பெண்ணாகிவிடுகின்றன. ஆகவே பால்மாற்றத்தை இழுத்துவருவது உடலின் நீளம் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. வயதுக்கும் அதில் பங்கு உண்டு.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு? அந்த 4.6 கோடி நினைவில் இருக்கிறதா? விந்தணு மலிவு. சின்ன ஆண்கூடத் தேவையான அளவுக்குத் தந்துவிடும். சினைக்கோ இடம் வேண்டும், கொழுப்பு வேண்டும். பெரிய வயிற்றில்தான் கோடிக்கணக்கான முட்டைகளைச் சுமக்க முடியும். சிறியதாக இருக்கும்போது ஆணாகவும், பெரியதான பிறகு பெண்ணாகவும் இருந்தால் ஒரே உடலுக்கு வாழ்நாளில் பிள்ளைகள் மிகுதி. இதைத் தீர்மானிக்கத் தனிப் பால்நிறமூர்த்தங்கள், அதாவது மனிதரின் X, Y போன்ற குரோமோசோம்கள், கொடுவாவுக்கு இல்லை. ஆணாகவும் பெண்ணாகவும் வேண்டிய மரபணுக்கள் எல்லா மீனிலும் இருக்கின்றன. எவற்றை எழுப்புவது, எவற்றை உறங்க வைப்பது என்பது வயதோடு மாறுகிறது, அவ்வளவுதான்.

இதிலிருந்து பிறக்கும் ஒரு விளைவு எனக்குக் கவலை தருகிறது. எந்த மீன்பிடிப்பிலும் கண் போவது பெரிய மீன் மீது. கொடுவாவில் பெரிய மீனைப் பிடிப்பது என்றால் தாயைப் பிடிப்பது. சிறியதைப் பிடித்தாலோ தாயாகப் போவதைப் பிடிக்கிறோம். நடுவில் இருக்கும் அளவு மட்டுமே ஓரளவு பாதுகாப்பாக எடுக்கக் கூடியது. குயின்ஸ்லாந்தின் விதி இதைப் புரிந்து எழுதப்பட்டது. 58 சென்டிமீட்டருக்குக் கீழும் 120 சென்டிமீட்டருக்கு மேலும் இருக்கும் மீனை நீருக்கே திருப்பிவிட வேண்டும். மேற்கு ஆஸ்திரேலியாவில் அந்த எல்லைகள் 55, 80. குறைந்தபட்ச அளவு மட்டும் வைத்துவிட்டுப் பெரியதை எவ்வளவு வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று விடுவது, மற்ற மீன்களுக்கு எப்படியோ, இந்த மீனுக்குப் பொருந்தவே பொருந்தாது என்பதில் எனக்குத் துளியும் ஐயமில்லை.

இந்தப் பயணங்களெல்லாம் எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கக்கூடும். மீனின் மண்டைக்குள் செவிக்கல் என்று ஒரு சுண்ணாம்புக் கட்டி இருக்கிறது. மரத்தின் வளையங்கள் போல அதில் ஆண்டுதோறும் ஒரு வளையம் விழும். எண்ணினால் வயது கிடைக்கும். 20 ஆண்டுகளைத் தாண்டிய கொடுவாக்கள் உண்டு என்று தெரிந்தது அப்படித்தான். வளையங்களில் ஸ்ட்ரான்சியம் என்ற தனிமமும் நுண்ணிய அளவில் படிகிறது. பொதுவாகக் கடல்நீரில் அது மிகுதி, ஆற்றுநீரில் குறைவு. எனவே நடுவிலிருந்து ஓரம் வரை ஸ்ட்ரான்சியத்தை அளந்துகொண்டே போனால், அந்த மீன் எந்த வயதில் எந்த நீரில் இருந்தது என்று படித்துவிடலாம். மெல்லியதாக அறுத்துத் தேய்த்த செவிக்கல்லை நுண்ணோக்கியில் பார்ப்பது ஒருவர் எழுதி வைத்த நாட்குறிப்பைத் திறப்பது போன்றது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

அந்தக் கல் நம் பழைய பாடத்தைத் திருத்தியும்விட்டது. கொடுவா எல்லாமே ஆற்றுக்குப் போய்த் திரும்பும் என்றுதான் முன்பு எழுதினார்கள். செவிக்கல்லைப் படித்தபோது, வாழ்நாளில் ஒருமுறைகூட நன்னீரைத் தொடாத கொடுவாக்களும் இருப்பது தெரிந்தது. சில கழியிலேயே தங்கிவிடுகின்றன, சில கடலோரத்திலேயே. ஆற்றுக்குப் போனவை வேகமாக வளர்கின்றன என்பதும் தெரிகிறது. போவது கட்டாயம் இல்லை, போனால் ஆதாயம். ஆக, உங்கள் முதல் கேள்விக்குக் கடைசியாக ஒரு வரியில் சொல்வதானால், கொடுவா உப்புநீரில் பிறந்து, வாய்ப்பிருந்தால் ஆற்றில் வளர்ந்து, உப்புநீருக்கே திரும்பி இனம் பெருக்கும் மீன். பிறப்பிடம் கேட்டால் கடல், வளர்ந்த ஊர் கேட்டால் பலவற்றுக்கு ஆறு.

ஆற்றின் வெள்ளத்துக்கும் இந்த மீனின் பெருக்கத்துக்கும் உள்ள தொடர்பையும் செவிக்கல்தான் காட்டியது. குயின்ஸ்லாந்தின் ஃபிட்ஸ்ராய் ஆற்றுக் கழிமுகத்து மீன்களின் வயதைக் கணக்கிட்டு, எந்த ஆண்டில் பிறந்தவை எத்தனை என்று அடுக்கினார்கள். ஆற்றில் நன்னீர் நிறைய ஓடிய ஆண்டுகளில் பிறந்த மீன்கள் எண்ணிக்கையில் ஓங்கியிருந்தன, வறண்ட ஆண்டின் பிள்ளைகள் குறைவு. காரணம் மேலே சொன்னதுதான். வெள்ளம் வந்தால் தாழ்நிலங்கள் நிறைகின்றன, தொட்டில் பெருகுகிறது, தொட்டிலுக்கும் ஆற்றுக்கும் வழி திறக்கிறது. ஆற்றுநீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்ற பேச்சைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த மீன்தான் நினைவுக்கு வரும். முகத்துவாரம் மணலால் அடைபடுவதும் இதே வகைத் துன்பம். ஒடிசாவின் சிலிக்கா ஏரியில் வாய் தூர்ந்து உப்பு குறைந்து மீன்வளம் சரிந்திருந்தது. 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் புதிய வாய் வெட்டித் திறந்தார்கள். அதன் பிறகு மீன்வரத்து நன்றாக ஏறியது. கொடுவாவுக்கு மட்டும் கிடைத்த பயன் இல்லை அது. கடலுக்கும் காயலுக்கும் போய்வருகிற மீன், இறால், நண்டு எல்லாவற்றுக்கும் வழி கிடைத்தது.

இப்போது உங்கள் ஏரி. அங்கே இருக்கும் மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை, நீங்கள் செய்த தவறும் எதுவும் இல்லை. நன்னீரில் கொடுவா கொழுகொழுவென்று வளரும். தூண்டிலில் பிடித்தவற்றில் உலகச் சாதனையாகப் பதிவான 44.64 கிலோ கொடுவா, 2010இல் குயின்ஸ்லாந்தின் மொண்டூரன் ஏரியில் கிடைத்தது. அது ஓர் அணை ஏரி, முழு நன்னீர். அத்தனை பெரிய தாய் இருந்தும் அந்த ஏரியில் கொடுவா பெருகுவதில்லை, குஞ்சு கொண்டுவந்து விட்டால்தான் உண்டு. நன்னீரில் சினை முழுமையாக முதிர்வதில்லை. முதிர்ந்து கொட்டினாலும் உப்பில்லாத நீரில் விந்தணு நீந்தாது, முட்டை மிதக்காது. ஓதம் ஏறாது, உவர்நிலத் தொட்டில் இல்லை. ஒன்று தவறினாலே போதும், அங்கே எல்லாமே தவறுகின்றன. கொஞ்சம் உப்பைக் கொட்டிப் பார்க்கலாமா என்று எழுதியிருந்தீர்கள். வேண்டாம். ஏரியில் இருக்கும் மற்ற உயிர்களுக்குத்தான் அது கேடாக முடியும்.

குஞ்சு வேண்டுமானால் பொரிப்பகம்தான் வழி. தாய்லாந்தின் சோங்க்லாவில் 1970களின் தொடக்கத்திலேயே இதைச் செய்து காட்டினார்கள். இந்தியாவில் சென்னையில் இருக்கும் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் வெற்றி கண்டது. கடல்நீர் நிரப்பிய தொட்டியில் தாயையும் தந்தையையும் பராமரித்து, முதிர்ந்த பெண்ணுக்கு ஹார்மோன் கொடுத்து முட்டையிட வைக்கிறார்கள். கூரைக்குக் கீழே, ஓதமே இல்லாத தொட்டியில்கூட அவை பெரும்பாலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, பொழுது சாய்ந்த பிறகே முட்டையிடுகின்றன. ஒரு செய்தியை மட்டும் கவனியுங்கள். உங்கள் பகுதி ஆற்றோடு சேரும் வாய்ப்புள்ள ஏரி என்றால், தொலைதூரத்துக் குஞ்சை விடாதீர்கள். மூன்று தனிக் கூட்டங்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, அவற்றைக் கலக்கும் உரிமை நமக்கு இல்லை.

சேரும் வாய்ப்பா, அணைக்கட்டிய ஏரியிலா என்று நினைக்க வேண்டாம். குயின்ஸ்லாந்தில் கிளாட்ஸ்டன் நகருக்கு அருகே பாய்ன் ஆற்றின் குறுக்கே அவூங்கா என்ற அணை ஏரி இருக்கிறது. பல ஆண்டுகளாகக் கொடுவாக் குஞ்சுகளை விட்டு வளர்த்த ஏரி அது. 2010 இறுதியிலும் 2011 தொடக்கத்திலும் பெருமழை பெய்து அணை வழிந்தது. ஆயிரக்கணக்கான பெரிய கொடுவாக்கள் வழியும் நீரோடு சுவரைத் தாண்டிக் குதித்தன. விழுந்த வேகத்தில் பல அடிபட்டன, பல செத்தன. பிழைத்தவை ஆற்றோடு இறங்கி முகத்துவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த ஆண்டு கிளாட்ஸ்டன் கடலோரத்து வலைகளில் கொடுவா வழக்கத்தைவிடப் பலமடங்கு விழுந்தது. குஞ்சாக ஏரிக்கு வந்த நாளிலிருந்து நன்னீரையே அறிந்திருந்த அந்த மீன்கள், அன்றுதான் மீண்டும் உப்புநீரைத் தொட்டன.